வீடு வாங்கும் முன் கட்டட ஆய்வு: எந்த அறிக்கையை நம்பிக் கையெழுத்துப் போடலாம்?

வீடு பிடித்துவிட்டது. விலையும் பேசி ஏறக்குறைய ஒரு முடிவுக்கு வந்தாயிற்று. உரிமை யாருடையது, வில்லங்கம் ஏதும் இருக்கிறதா என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். அதெல்லாம் காகிதத்தில் தெரிந்துவிடும். கட்டடத்தின் நிலை மட்டும் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. சுவரில் ஓதம் ஏறுகிறதா, தளத்துக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, கழிவுநீர்க் குழாய் மண்ணுக்கடியில் உடைந்து கிடக்கிறதா என்று யாராவது நேரில் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஆள் யாராக இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

வழிகள் சில இருக்கின்றன. நாமே சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். கடன் தரும் வங்கி எப்படியும் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும், அவர் சொல்வதே போதும் என்று இருந்துவிடலாம். விற்பவரே ஓர் அறிக்கையை நீட்டினால் அதை ஏற்கலாம். நாமே பணம் கொடுத்து ஓர் ஆய்வாளரை அமர்த்தலாம். அதிலும் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துக் குறித்துத் தரும் நடுத்தர ஆய்வு, காரணம் வரை அலசும் முழு ஆய்வு என்று இரண்டு வகை. இவை தவிர, ஒரு குறிப்பிட்ட சந்தேகத்தை மட்டும் சோதித்துச் சொல்லும் நிபுணர்கள் இருக்கிறார்கள்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு நாமே அமர்த்திய ஆளின் நடுத்தர ஆய்வு, அது விரல் நீட்டும் இடங்களில் மட்டும் சோதனை: கொடுக்கிற காசுக்கு இதுதான் சரியான பலன். பழைய வீடு, இடித்து மாற்றிக் கட்டிய வீடு என்றால் நேரே முழு ஆய்வுக்குப் போய்விடுங்கள். மற்ற அறிக்கைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது யாருக்குப் பதில் சொல்கிறது? எதைப் பார்க்காமல் விட்டிருக்கிறது? கட்டணத்தையும் பக்க எண்ணிக்கையையும் ஒப்பிடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

நம் கண்ணே போதுமா?

போதாது. ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். காசு கொடுத்து ஆய்வு செய்யும் அளவுக்கு இந்த வீடு தகுமா என்பதை நாமே பாதி முடிவு செய்துவிடலாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போவது நல்லது. விற்பவர் சொல்லும் நேரத்தில் ஒரு முறை, நாம் கேட்கும் நேரத்தில் ஒரு முறை என்று பார்த்தால் இன்னும் நல்லது.

விரிசலை எடுத்துக்கொள்வோம். பார்த்ததும் பயந்து ஓடுகிறவர்கள் உண்டு, "எல்லா வீட்டிலும் இருக்கிறதுதானே" என்று கடந்துபோகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே அகலத்தை அளப்பதில்லை. தாழ்வான கட்டடங்களுக்கு பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது. சுமார் 0.1 மி.மீ.க்கும் குறைவானது மயிரிழை, அதைப் பொருட்படுத்த வேண்டாம். 1 மி.மீ. வரை வண்ணம் அடிக்கும்போதே மறைந்துவிடும். 5 மி.மீ. வரை அடைத்துப் பூசலாம். கதவு, ஜன்னல் கொஞ்சம் இறுகும். 5 முதல் 15 மி.மீ. வரை என்றால் கொத்தனார் வந்து விரிசலைத் திறந்து ஒட்டுப்போட வேண்டும். அதற்கு மேலே சுவரின் சில பகுதிகளைப் பிரித்துக் கட்ட வேண்டிய நிலை. 25 மி.மீ.யைத் தாண்டினால் கட்டடம் நிலையாக நிற்குமா என்பதே கேள்வி.

அகலம் மட்டும் போதாது, விரிசல் ஓடும் பாதையையும் பார்க்க வேண்டும். பூச்சில் மட்டும் வலை போலப் பரவியிருந்தால், பெரும்பாலும் பூச்சு வேகமாகக் காய்ந்து சுருங்கியதால் வந்தது. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு இருந்தால், இரண்டு பொருளும் வெயிலுக்கு வெவ்வேறு அளவு விரிந்து சுருங்குவதால் வந்திருக்கலாம். அசிங்கமாக இருக்கும், ஆபத்து குறைவு. ஜன்னல் மூலையில் தொடங்கிச் செங்கல் இணைப்பு வழியே படிப்படியாகச் சாய்வாக ஏறி, ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் அகன்றிருந்தால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு பக்கம் அமர்ந்து மறுபக்கம் அமராமல் இருக்கிறது. பீமின் அடிப்பக்கத்தில், உள்ளே கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக ஒரு விரிசல் இருக்கிறதா? அது மெல்லியதாக இருந்தாலும் எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை தரும். கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கத் தொடங்கியதன் அடையாளம் அது.

விற்பனைக்கு வரும் வீட்டில் விரிசல் விரிசலாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பட்டி பார்த்து வண்ணம் அடித்திருப்பார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைச் சுவர் நெடுகப் படரவிடுங்கள். நேர் வெளிச்சத்தில் சமமாகத் தெரிந்த சுவரில் பட்டி வைத்து அடைத்த கோடு மேடாகவோ பள்ளமாகவோ நிழலோடு எழுந்து நிற்கும். வீடு முழுக்கப் பழைய வண்ணம், ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசு என்றால் அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் குளியலறையாக இருக்கும்.

இந்த வழியின் பெரிய குறை நமக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்பது அல்ல. வீடு பிடித்துப்போன பிறகுதான் நாம் பார்க்கப் போகிறோம். பிடித்துப்போன வீட்டில் குறை கண்ணில் படாது. பட்டாலும் மனம் அதற்கு ஒரு சமாதானம் சொல்லிவிடும்.

வங்கியின் மதிப்பீடு

"வங்கிக்காரரே வந்து பார்த்துக் கடன் கொடுக்கிறார், அப்புறம் என்ன?" வீடு வாங்குவோர் பேச்சில் அடிக்கடி வரும் வாக்கியம் இது, தவறானதும் இதுதான். வங்கிக்கு ஒரே ஒரு கவலை: கடன் திரும்பி வராவிட்டால் இந்த வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பது. கடன் தொகை வீட்டின் மதிப்பைவிடக் குறைவு. அந்த இடைவெளிக்குள் அடங்கும் எந்தப் பழுதும் வங்கியைத் தொடாது. இரண்டு குளியலறைகளையும் இடித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தாலும் மதிப்பீட்டாளரின் எண் பெரிதாக மாறாது. நம் கையிருப்பு காலியாகிவிடும்.

இதற்கு பிரிட்டனில் ஒரு பெயர்பெற்ற வழக்கு உண்டு. கடன் தரும் சங்கம் அனுப்பிய மதிப்பீட்டாளர், அவசியமான பழுதுவேலை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். அதை நம்பி, தனியாக ஆய்வு எதுவும் செய்யாமல் ஒரு பெண் அந்தச் சிறிய வீட்டை வாங்கினார். அந்த வீட்டில் முன்பே யாரோ அறைக்குள் துருத்திக்கொண்டிருந்த புகைபோக்கிச் சுவரை இடித்து எடுத்திருந்தார்கள். மேலே இருந்த செங்கல் புகைக்கூண்டு அப்படியே இருந்தது, கீழே தாங்கல் இல்லை. சுமார் 18 மாதம் கழித்துச் செங்கற்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தன. 1989இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, வங்கி வழி வந்த மதிப்பீட்டாளரானாலும் வாங்குபவருக்கு அவர் பொறுப்புத்தான் என்று தீர்ப்பளித்தது. சாதாரண வீடு வாங்குபவர் அந்த அறிக்கையை நம்பித்தான் வாங்குவார் என்பது மதிப்பீட்டாளருக்கே தெரியும் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம்.

தீர்ப்பு வாங்குபவருக்குச் சாதகம்தான். ஆனால் அது கூரை விழுந்த பிறகு கிடைத்த தீர்ப்பு. அதற்கு எல்லையும் உண்டு. 2011இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாடகைக்கு விடும் முதலீடாக வாங்கிய ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஒரே நாட்டுக்குள்ளேயே வாங்கும் நோக்கத்தைப் பொறுத்துப் பதில் மாறுகிறது என்றால், வேறு நாட்டில் என்ன ஆகும் என்பதை அங்குள்ள வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த வழக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. புகைபோக்கி இல்லாத ஊரிலும் இதே தவறு வேறு உருவத்தில் நடக்கிறது. கீழ்த்தளத்தில் நடுச்சுவரை எடுத்துக் கூடத்தை விசாலமாக்கியிருப்பார்கள். மாடியில் அதே இடத்தில் சுவர் இருக்கும். இந்தச் சுவரை இப்போது எது தாங்குகிறது? மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் மனதுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆள்தான் அந்தக் கேள்வியைக் கேட்பார். வேகமாக வந்து நாலு படம் எடுத்துப் போகும் மதிப்பீட்டாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

விற்பவர் தரும் அறிக்கை

கேட்டவுடன் நமட்டுச் சிரிப்பு வரும். விற்கிறவரே தன் வீட்டைப் பற்றி எழுதி வாங்கிய அறிக்கைக்கு என்ன மதிப்பு? ஆனால் சட்டம் ஒழுங்காக வகுத்துவிட்ட இடங்களில் இது வேலை செய்கிறது. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் 1 முதல், பெரும்பாலான வீடுகளை விற்பனைக்கு வைக்கும்போதே விற்பவர் ஓர் ஆய்வறிக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தகுதிபெற்ற ஆய்வாளர் எழுதிய நிலை அறிக்கை, மின்சார எரிபொருள் செலவுத்திறன் பற்றிய அறிக்கை, விற்பவரே பதில் எழுதிய கேள்வித்தாள் எல்லாம் அதில் அடக்கம். ஒரே வீட்டுக்குப் பத்துப் பேர் ஆசைப்பட்டுப் பத்துப் பேரும் தனித்தனியாக ஆய்வுக்குச் செலவழித்து, ஒன்பது பேர் வெறுங்கையோடு போகும் அநியாயம் இதனால் குறைகிறது.

டென்மார்க்கின் ஏற்பாடு இன்னும் சாமர்த்தியமானது. விற்பவர் கட்டட நிலை அறிக்கையும் மின்சார அறிக்கையும் எடுத்துக் கொடுத்து, வாங்குபவருக்கான காப்பீட்டுக்கு விலைப்புள்ளி வாங்கி, பிரீமியத்தில் பாதியைத் தானே தருவதாகவும் சொல்ல வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் பிற்பாடு தெரியவரும் பெரும்பாலான கட்டடக் குறைகளுக்கு அவர் பொறுப்பல்ல. அங்கே விற்பவர் ஒழுங்கான அறிக்கையைத் தருவது நல்ல மனசால் அல்ல, தன் தலையிலிருந்து பாரம் இறங்குவதால்.

இப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில் விற்பவர் அறிக்கை நீட்டினால் வாங்கிப் படியுங்கள், ஆனால் ஒரு துப்பாக மட்டும். அதில் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: தேதி, யார் பெயருக்கு எழுதப்பட்டது, நாமும் அதை நம்பலாம் என்று ஆய்வாளர் எழுத்தில் தருவாரா. கடைசிக் கேள்விக்கு "மாட்டேன்" என்றால் அந்த அறிக்கை தவறானால் நாம் யாரிடமும் போய் நிற்க முடியாது.

நாம் அமர்த்தும் ஆய்வாளர்: நடுத்தரமா, முழுசா?

இங்கேதான் பணத்தை எவ்வளவு இறக்குவது என்ற யோசனை வருகிறது. நில அளவை செய்கிறவரைச் சொல்லவில்லை. கட்டடத்தைத் தலை முதல் கால் வரை பார்த்து எழுதித் தருபவரைச் சொல்கிறேன். நாட்டுக்கு நாடு பெயர் வேறு. பிரிட்டனில் ஆர்.ஐ.சி.எஸ். என்ற ஆய்வாளர் அமைப்பு இதை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலை சுருக்கமானது, இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது முழுமையானது. வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று 1 முதல் 3 வரை ஒரு மதிப்பு போடுவார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாங்குவதற்கு முந்தைய ஆய்வுக்கென்றே தனித் தரநிர்ணயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆய்வு திருப்தியாக இல்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது பரவலான வழக்கம்.

மூன்று நிலைகளுக்கும் பொதுவாக ஓர் உண்மை இருக்கிறது, அதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். எந்த ஆய்வாளரும் சுவரை உடைத்துப் பார்ப்பதில்லை. வீடு இன்னும் விற்பவருடையது. ஓர் ஆணியைப் பிடுங்கக்கூட அவர் அனுமதி வேண்டும். கனமான அலமாரியை நகர்த்த மாட்டார்கள், ஒட்டிய தரைவிரிப்பைத் தூக்க மாட்டார்கள். பிரிட்டனில் ஆய்வாளர் கொண்டுவரும் ஏணி 3 மீட்டர் வரை. அதற்கு மேலே உள்ள தட்டைக் கூரையைத் தரையிலிருந்தோ பக்கத்து ஜன்னலிலிருந்தோ பார்த்து எழுதுவதுதான் வழக்கம். அப்படியானால் அதிகப் பணம் கொடுத்து முழு ஆய்வு எதற்கு?

நடுத்தர ஆய்வு "இங்கே ஓதம் இருக்கிறது, நிபுணரிடம் காட்டுங்கள்" என்று நிறுத்திக்கொள்ளும். முழு ஆய்வு அது எங்கிருந்து வருகிறது, விட்டால் எதைக் கெடுக்கும், சரிசெய்ய என்னென்ன வழி, எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லும். அதாவது கூடுதல் பணம் கூடுதல் துளைக்காக அல்ல, கூடுதல் நேரத்துக்கும் யோசனைக்கும். இருபது ஆண்டுக்குள் கட்டிய, யாரும் கைவைக்காத, சாதாரண அமைப்புள்ள வீட்டில் அந்த யோசனைக்குப் பெரிதாக வேலை இருக்காது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவருக்குச் சிமென்ட் பூச்சு பூசிய வீடு, கீழே கடையும் மேலே குடியிருப்புமாக மாற்றிய வீடு, பின்னால் இரண்டு அறை ஒட்டிக் கட்டிய வீடு, சரிவு நிலத்தில் நிற்கும் வீடு, நாம் வாங்கியதும் இடித்து மாற்ற நினைக்கும் வீடு: இவற்றுக்கெல்லாம் நடுத்தர ஆய்வு பாதிக் கிணறு தாண்டுவதுதான். "மேலும் ஆய்வு தேவை" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிக் கொடுப்பார்கள், கடைசியில் நாம் இரண்டு முறை பணம் கட்டுவோம்.

அறிக்கை கைக்கு வந்ததும் பச்சை, சிவப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் "பார்க்க முடியவில்லை" என்ற பகுதியைப் படியுங்கள். பரண் பூட்டியிருந்தது, மேல்மாடிக்குச் சாவி இல்லை, பின்சுவர் முழுக்கச் சாமான் அடுக்கியிருந்தது. மூன்று இடம் இப்படிப் போயிருந்தால் அறிக்கை முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சாவி கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஆய்வு நடக்கும்போதே கூடப் போங்கள். எழுத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள், பக்கத்தில் நிற்கும்போது "இது உங்கள் வீடாக இருந்தால் எதை முதலில் சரி செய்வீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில் முப்பது பக்கத்தைவிட உபயோகமானது.

யாரை அமர்த்துவது என்பதிலும் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். தரகர் பரிந்துரைக்கும் ஆய்வாளர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வியாபாரம் முடிந்தால்தான் தரகருக்குக் காசு, தரகர் அனுப்பினால்தான் ஆய்வாளருக்கு அடுத்த வேலை. ஆய்வும் செய்து பழுதுவேலையும் எடுத்துச் செய்யும் ஆள் என்றால் எதிர்ப்பக்கச் சிக்கல்: இல்லாத நோய்க்கும் மருந்து எழுதக்கூடும். தொழில் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, தவறு நேர்ந்தால் எவ்வளவு தொகை வரை பொறுப்பேற்பார் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அந்தப் பொறுப்பு வாங்கிய கட்டணத்தோடு முடிந்துவிடும்.

எந்தச் சந்தேகத்துக்கு எந்தச் சோதனை

கருவிகளைப் பார்த்தால் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எண் காட்டுகிறதே! ஆனால் ஒவ்வொரு கருவியும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும், அதையும் சில சமயம் தப்பாகச் சொல்லும்.

ஓதம் அளக்கும் ஊசிக் கருவி இரண்டு முனைகளுக்கு நடுவே மின்தடையை அளக்கிறது. அதில் அச்சிட்ட சதவீதம் மரத்துக்கானது; செங்கல் சுவரில் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உப்புப் பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் நனைந்ததாகக் காட்டும், உலோகத் தாள் ஒட்டியிருந்தால் முள் எகிறிவிடும். நல்ல ஆய்வாளர் ஒரு எண்ணை நம்ப மாட்டார், தரையிலிருந்து மேலே வரிசையாகக் குத்திக்கொண்டே போவார். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் கீழே அதிகமாக இருந்து, பெரும்பாலும் சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குள் சட்டென்று குறையும். குழாய்க் கசிவு நடுச்சுவரில் திட்டாக இருக்கும். காற்றோட்டம் இல்லாமல் ஆவி படிந்து வரும் ஈரம் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கருப்புப் பூஞ்சையோடு தெரியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு வேறு.

கான்கிரீட் சந்தேகம் வந்தால் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது; பி.எச். அளவு 12க்கும் மேலே. அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலத்தை உருவாக்கித் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மேற்பரப்பிலிருந்து மெதுவாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் கெடுத்துக்கொண்டே போகும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க, பீமின் ஓரத்தில் சிறிதாகக் கொத்தி, தூசியைத் தட்டிவிட்டு, ஃபினாஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் மிச்சமிருக்கும் பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும், கெட்டுப்போன வெளிப்பகுதி நிறமே மாறாது. அந்த நிறமற்ற பட்டையை அளவுகோல் வைத்து அளந்து, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். கம்பி 25 மி.மீ. உள்ளே, பட்டை 10 மி.மீ. என்றால் மூச்சு விடலாம். இந்த இறக்கம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், சூழல் மாறாவிட்டால் 20 ஆண்டில் 10 மி.மீ. போனது 20 மி.மீ.யை எட்ட மொத்தம் 80 ஆண்டு பிடிக்கும், 40 அல்ல. பட்டை கம்பியைத் தொட்டுவிட்டால், ஈரம் கிடைக்கும் இடத்தில் துரு தொடங்க எந்தத் தடையும் இல்லை.

இதிலும் ஒரு ஓட்டை. கடற்கரை ஓரத்து வீட்டிலும், உப்பு மணலோ உப்புத் தண்ணீரோ கலந்து கட்டிய வீட்டிலும், உப்பிலுள்ள குளோரைடு காரத்தைக் கெடுக்காமலேயே கம்பியை அரிக்கும். கான்கிரீட் அழகாகச் சிவக்கும், உள்ளே கம்பி துருவாகிக்கொண்டிருக்கும். அங்கே துளையிட்ட தூளை ஆய்வகத்தில் கொடுத்துக் குளோரைடு அளவைத்தான் பார்க்க வேண்டும்.

பலரும் காட்டும் இன்னொரு கருவி, சுவரில் அழுத்தினால் "டொக்" என்று துள்ளித் திரும்பும் சுத்தியல். ஸ்விஸ் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் கண்டுபிடித்தது. அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். மேற்பரப்பின் கடினத்தைத்தான் அது அளக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன காரம் போன மேல்தோல் கொஞ்சம் கெட்டிப்படும். அதனால் பாதுகாப்பு இழந்த பழைய கான்கிரீட்டில் இந்தச் சுத்தியல் நல்ல எண்ணையே காட்டக்கூடும். இதை மட்டும் வைத்து "கான்கிரீட் சூப்பர்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்த அறிக்கையை ஓரமாக வையுங்கள்.

வெப்பக் கேமரா தண்ணீரைப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் வெப்ப வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. உள்ளும் வெளியும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் நேரத்தில் எடுத்த படம் வெறும் நீலக் காகிதம். அதற்குச் செலவழிப்பதைவிடக் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதை முதலில் செய்வேன். எல்லோரும் மறக்கும் இடம் அது. பழுதானால் தரையைத் தோண்ட வேண்டும்.

மின்சாரத்துக்கு எலெக்ட்ரீஷியன்தான் வேண்டும், பொது ஆய்வாளர் போதாது. வயர்களின் காப்புத்தன்மையை 500 வோல்ட் கொடுத்து அளப்பார். பன்னாட்டுத் தரப்படி குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டித்து ஆளைக் காக்கும் கசிவு மின்தடுப்பான் 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாததாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் டிரிப் ஆகிறது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தப் பொத்தான் தடுப்பானை மட்டும்தான் சோதிக்கிறது.

கரையானுக்குக் கருவியே வேண்டாம். கதவு நிலையின் அடிப்பக்கத்தை ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளல் என்றால் சத்தமே சொல்லிவிடும்.

அடுக்குமாடியும் புது வீடும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் நம் நான்கு சுவருக்குள் பார்ப்பது பாதி வேலைதான். பெரிய செலவு எல்லாம் பொதுவான இடங்களில் இருக்கிறது: மேல்தளம், லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, வெளிச்சுவர், கார் நிறுத்தும் தளத்துத் தூண்கள். ஆய்வாளரை அங்கேயும் கூட்டிப் போங்கள். குடியிருப்போர் சங்கத்தின் கடந்த சில கூட்டக் குறிப்புகளையும் பராமரிப்பு நிதியின் இருப்பையும் கேட்டு வாங்குங்கள். "மேல்தளக் கசிவு பற்றி விவாதிக்கப்பட்டது" என்று மூன்று கூட்டத்தில் தொடர்ந்து எழுதியிருந்தால் எந்தக் கருவியும் சொல்லாததை அது சொல்லிவிட்டது.

புது வீட்டுக்கு ஆய்வு தேவையில்லை என்பது தவறான நினைப்பு. அங்கே துருவும் ஓதமும் தேட மாட்டோம், வேலைக் குறையைத் தேடுவோம்: குளியலறைத் தரையின் சரிவு தண்ணீர்ப் போக்கியை நோக்கி இருக்கிறதா, டைல்ஸைத் தட்டினால் பொள்ளலாகக் கேட்கிறதா, ஜன்னல் சரியாக மூடுகிறதா. சாவி வாங்கும் முன்பே இந்தப் பட்டியலைக் கட்டியவர் கையில் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். குடியேறிய பிறகு, கீறல் யாரால் விழுந்தது என்ற பேச்சு முடிவே இல்லாதது.

எப்போது செய்வது, செய்த பிறகு என்ன

முன்பணம் கைமாறிய பிறகு ஆய்வு செய்வது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆழமான ஆய்வைத் தாமதமாகச் செய்வதைவிட நடுத்தர ஆய்வை நேரத்தில் செய்வது மேல். போட்டி அதிகம், காத்திருக்க முடியாது என்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: இத்தனை நாளுக்குள் ஆய்வு செய்வோம், கட்டமைப்பில் பெரிய குறை தெரிந்தால் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம். எது "பெரிய குறை" என்பதையும் வக்கீலை வைத்து எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த வரியே இன்னொரு தகராறாகிவிடும். ஆய்வுக்கு ஆளையே உள்ளே விட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், வேறு எந்தக் காரணமும் தேடாமல் நான் அந்த வீட்டை விட்டுவிடுவேன்.

அறிக்கை வந்ததும் அதை அப்படியே விற்பவருக்கு அனுப்பி "இவ்வளவு குறை இருக்கிறது, குறைத்துக் கொடுங்கள்" என்றால் பேச்சு கசந்துவிடும். நாற்பது குறைகளில் முப்பது, எந்த வீட்டிலும் இருக்கும் தேய்மானம். கூரை, கட்டமைப்பு, தண்ணீர், மின்சாரம் என்ற நான்குக்குள் வருபவற்றை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேலை செய்யும் ஆளிடமே செலவுக் கணக்கை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை மட்டும் மேசையில் வையுங்கள். வாய்ச் சொல்லுக்கு மறுபேச்சு பேசலாம், கையெழுத்துப் போட்ட கணக்குக்கு அவ்வளவு எளிதாகப் பேச முடியாது.

"நானே சரிசெய்து தருகிறேன்" என்று விற்பவர் சொல்வதும் உண்டு. விலையில் கழித்துக்கொள்வதே மேல் என்பது என் கட்சி. போகப்போகிறவர் செய்யும் பழுதுவேலை சாவி கைமாறும் நாள் வரை தாங்கினால் போதும் என்ற கணக்கில்தான் இருக்கும். அப்படியும் அவரே செய்யட்டும் என்று ஒத்துக்கொண்டால், எந்தப் பொருள், எந்த முறை, யார் செய்வது என்று எழுதிக்கொள்ளுங்கள். வேலையை மூடிப் பூசுவதற்கு முன் அதே ஆய்வாளர் ஒரு முறை வந்து பார்க்கவும் அவரோடு முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். அந்த மறுவருகைக்கான கட்டணத்தை முதல் ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதிக்கொண்டால் பெரும்பாலும் குறைவாகவே முடியும்.